ஏருக்கு எழுபது, தறிக்கு ஏன் இல்லை? – ஈட்டியெழுபதும் சமத்துவ வாசிப்பும்

செங்குந்தர் இலக்கியங்களை ஆராய்ந்தவர்களிடையே ஒரு கருத்து நிலைபெற்றுவிட்டது. தாழ்த்தி வைக்கப்பட்ட நெசவுக் குலம் ஒன்று, தன்னைப் பிறரோடு நிகராக நிறுத்திக்கொள்ள எழுப்பிய சமத்துவக் குரலே ஈட்டியெழுபது என்பது அக்கருத்து. இக்கட்டுரை அதை மறுக்கிறது. அந்நூல் கேட்பது உயர்வு, சமத்துவம் அன்று. இரண்டையும் ஒன்றாகக் கொண்டதால், நெசவாளர் உள்ளிட்ட உழைப்பாளர் உண்மையிலேயே சமமாக நின்று பேசிய இடம் இலக்கிய ஆய்வாளர் பார்வைக்கு வராமலே போயிற்று.

என் ஐயத்துக்கு வித்திட்ட ஊர் பொதட்டூர்பேட்டை. பள்ளிப்பட்டு வட்டத்து நெசவூரான இது, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணிப் பகுதியோடு சேர்ந்து சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழகத்துக்கு வந்தது. திருத்தணி முருகன் பக்கத்திலேயே இருக்க, அவன் படைத்துணைவரான நவவீரர் வழிவந்தோம் என்னும் செங்குந்தர் மரபு இங்கே உயிரோடு இருக்கிறது. தறி முதலாளியும் கூலிக்கு நெய்பவரும் ஒரே மரபைச் சொல்லிக்கொள்ளும் ஊர் இது. முன்னோர் பெருமையில் இருவருக்கும் பங்கு சமம். மீட்டருக்கு என்ன கூலி என்று பேச வரும்போது அந்தச் சமம் எங்கே போகிறது? ஈட்டியெழுபதை இந்தக் கேள்வியோடு படித்தவர் குறைவு.

நூலைப் பாடியவர் ஒட்டக்கூத்தர்தானா, பின்வந்த ஒருவர் அவர் பெயரில் பாடினாரா என்பது தீராத வழக்கு. விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகிய மூவரின் அவைப்புலவர் பெயரை இந்நூல் தாங்கி நிற்கிறது என்பதே என் வாதத்துக்குப் போதும். அரசவையின் முத்திரை அதற்கு வேண்டியிருந்தது.

இனி நூலின் பொருளைப் பார்ப்போம். எழுபது பாடல்களால் ஒரு குலத்தைப் போற்றும் ‘எழுபது’ என்னும் வகையில் கம்பர் பெயரால் வழங்குபவை இரண்டு: வேளாளரைப் பற்றிய ஏரெழுபது, வன்னியரைப் பற்றிய சிலையெழுபது. உழவரைப் பாடிய நூல், உழவரின் தொழிற்கருவியையே தலைப்பாகக் கொண்டது. நெசவாளரைப் பாடிய நூலுக்கோ தறி தலைப்பாகவில்லை, ஈட்டிதான் ஆயிற்று. செங்குந்தருக்குக் கைக்கோளர் என்றும் பெயர்; தெரிஞ்ச கைக்கோளர் என்னும் படைப்பிரிவுகள் சோழர் கல்வெட்டுகளில் இருப்பதைக் காட்டி இதற்கு விடை சொல்வார்கள். படைப்பிரிவுகள் இருந்தது மெய். ஆனால் தறி மீது வரி வாங்கியதையும் இடைக்காலக் கல்வெட்டுகள் சொல்கின்றன. படைத்தொழில், நெசவுத்தொழில் என்னும் இரண்டு நினைவுகளில் ஒன்றை மட்டும் புலவர் மரபு எடுத்துக்கொண்டது. அந்தத் தேர்வு, கைத்தொழில் தாழ்ந்தது என்று மேலோர் போட்ட கணக்கை அப்படியே ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டபின், தன்னை மட்டும் அந்தக் கணக்கிலிருந்து வெளியே எடுக்கப் பார்க்கிறது.

நூலைவிட அது பிறந்த கதை இன்னும் வெளிப்படையானது. தம்மைப் பாடும்படி செங்குந்தர் கேட்கிறார்கள். தாமும் அக்குலத்தவரே ஆதலால் கூத்தர் தயங்குகிறார். பின் பாட்டுக்கு விலையாகத் தலைச்சன் பிள்ளைகளின் தலைகளைக் கேட்கிறார். எழுபது தலை என்பாரும் உண்டு, ஆயிரத்தெட்டு என்பாரும் உண்டு. தலைகள் வந்து குவிகின்றன. அவற்றை இருக்கையாக்கி அமர்ந்து அவர் பாடுகிறார். பிறகு எழுப்பெழுபது பாடி மாண்டவர்களை எழுப்புகிறார்.

இதை ஈகத்தின் உச்சம் என்று கொண்டாடிய வாசிப்பு, கொடுத்தவர் யார் என்று கேட்கவில்லை. கதையில் பெருமை குலத்துக்கு, தலை பிள்ளைகளுக்கு. குலம் முழுவதற்கும் சேர்த்து முடிவெடுத்தவர்கள் பெரியவர்கள். பிள்ளையைப் பெற்றவள் என்ன சொன்னாள் என்பதற்குப் பரவலாக வழங்கும் வடிவத்தில் இடமே இல்லை. பாடல் பெற்ற குலத்துக்குள்ளேயே மேல் கீழ் இருப்பதை இக்கதை மறைக்கவில்லை. அதன் மேல்தான் எழும்பி நிற்கிறது. எழுப்பெழுபது பின்னால் சேர்ந்ததை நான் இவ்வாறே விளங்கிக்கொள்கிறேன்: கொடுத்த விலை பெரிதென்று மரபுக்கே உறுத்தியது. உறுத்தாத கதைக்கு உயிர்ப்பிக்கும் பாட்டு தேவைப்பட்டிராது. இது ஊகமே. ஆனால் கதையின் இரு பாதிகளையும் சேர்த்து விளக்கும் வேறு ஊகம் எனக்குத் தென்படவில்லை.

வெறும் கதையை வரலாறாகக் கொள்ளலாமா என்பார்கள். தலை விழுந்ததா என்று இங்கே யாரும் கேட்கவில்லை. ஒரு சமூகம் தன் மதிப்புக்கு எதை விலையாகச் சொல்லிக்கொண்டது என்பதே கேள்வி. இன்றைய அளவுகோலால் அன்றைய நூலை அளக்கிறோம் என்னும் மறுப்பும் நிற்காது. சமத்துவம் என்னும் இன்றைய அளவுகோலை அந்நூல்மேல் முதலில் வைத்தவர்கள் அதைப் போற்றியவர்களே.

கல்வெட்டுகளும் என் பக்கமே சாய்கின்றன. பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கைக்கோளர் தண்டும் (பல்லக்கும்) சங்கும் பயன்படுத்தும் உரிமை பெற்றார்கள். காஞ்சிபுரத்துக் கைக்கோளர் வழக்கம் அதற்கு முன்மாதிரி ஆயிற்று. அதற்கு முன்பே கருவூர்க் கல்வெட்டு ஒன்று, நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதவும், வெளியே போகும்போது செருப்பணியவும், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசவும் கம்மாளர்க்கு உரிமை தந்தது. செருப்பணிய அரசாணை வேண்டியிருந்த காலத்தின் கொடுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. இவை பெருந்துயரிலிருந்து வென்றெடுத்தவை. ஆனால் எல்லாரும் ஊதலாம் என்றால் சங்கு சிறப்புரிமை ஆகாது. கீழே ஒருவர் ஊதாமல் நிற்கும்வரைதான் அதற்கு மதிப்பு.

வேறு வகையான குரல் 1429இல் சோழநாட்டில் கேட்டது. வலங்கை தொண்ணூற்றெட்டு, இடங்கை தொண்ணூற்றெட்டு என்னும் இரு சாதித் தொகுதிகளும் பகையை விட்டு ஒன்றாகக் கூடினார்கள். கைக்கோளர் இடங்கையினராக எண்ணப்பட்டவர்கள். அரசு அதிகாரிகளும் காணியாட்சி உடைய பிராமணரும் வேளாளரும் தம்மை வருத்துவதை எதிர்த்து, எவ்வளவு வரி தருவோம் என்பதைத் தாங்களே வரையறுத்தார்கள். கொடுமை செய்வோருக்குக் கணக்கெழுதித் தர மாட்டோம் என்றும் முடிவெடுத்தார்கள். கொறுக்கை, ஆடுதுறைக் கல்வெட்டுகள் இதற்குச் சான்று. அங்கே யாருக்கும் நவவீரர் வழி என்று தம்மை உயர்த்திக்கொள்ளத் தேவைப்படவில்லை. உழைப்பும் சுமையும் பொதுவாயிருந்ததே அவர்கள் சமமாக நிற்கப் போதுமாயிற்று. வலங்கை இடங்கைச் சண்டைகள் பிற்காலத்தில் மீண்டும் மூண்டன என்பதால் அந்த ஓராண்டின் பொருள் குறைந்துவிடாது.

ஆகவே தமிழ்ச் சமத்துவத்தின் வரலாற்றைக் குலப் பிரபந்தங்களில் தேடுவது தவறான இடத்தில் தேடுவது. வரி, கூலி, கடன் பற்றிய எழுத்துகளே அதற்கு உரிய மூலங்கள். கைத்தறி வீடுகளில் தார் சுற்றித் தந்த பெண்களுக்குத் தனிக்கூலி உண்டா, நெசவுக்கூலிக்குள் அது கரைந்துபோனதா என்பதைச் சொல்லும் எழுபது எதுவும் இல்லை. பாவுக் கணக்கும் கூலி நோட்டும் சொல்லக்கூடும். விசைத்தறிக்கு 2023 முதல் இரு மாதத்துக்கு ஆயிரம் யூனிட் மின்சாரம் இலவசம். அது மின் இணைப்பு உள்ளவருக்குப் போகும் சலுகை; அதில் கூலி நெசவாளர் கைக்கு எவ்வளவு வந்தது என்பதையும் அந்த நோட்டுகளில்தான் பார்க்க வேண்டும்.

தமிழ்த்துறை மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். செங்குந்தர் பிரபந்தங்கள் அச்சேறிவிட்டன. அவற்றுக்கு இனி ஆபத்தில்லை. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை வீடுகளில் கிடக்கும் கூலி நோட்டுகளையும், கடன் பத்திரங்களையும், கூலி உயர்வு கேட்டு எழுதிய மனுக்களையும் பழைய பேப்பர் கடைக்குப் போகுமுன் படியெடுங்கள்.