பனிக்காலச் சவாரியும் அதன் உடுப்பும்

பனி உறையும் தேசங்களில் சைக்கிளேறி நெடுந்தூரம் செல்ல விரும்பியவர்களுக்கு, அவ்வண்டி தோன்றிய நாள் தொட்டு விரோதிகள் இருவர்: வெளியிலிருந்து அடிக்கும் காற்றும், உள்ளிருந்து சுரக்கும் வேர்வையும். காற்றைத் தடுக்கும் துணி வேர்வையையும் அடைத்துவிடும். வேர்வையை விடும் துணியோ காற்றுக்கும் வழிவிடும். இந்தத் தர்மசங்கடத்தைத் தீர்க்க மனிதர் செய்த பிரயத்தனங்களே குளிர்காலச் சவாரி உடுப்பின் சரித்திரம்.

1878-இல் இங்கிலாந்தில் ஸ்தாபிக்கப்பட்ட சைக்கிள் யாத்திரிகர் சங்கத்தின் அங்கத்தினர், கம்பளி உடுப்பையே தங்கள் சீருடையாக ஏற்றனர். நனைந்த பின்னும் ஓரளவு உஷ்ணத்தைக் காக்கும் குணம் கம்பளிக்கு உண்டு. பருத்தியோ ஈரமான மாத்திரத்தில் சரீரத்தின் சூட்டைப் பறிக்கத் தொடங்கும்.

கம்பளி காற்றைத் தடுக்காத குறையை நிவர்த்தி செய்தது செய்தித்தாள். 'டூர் டி பிரான்ஸ்' பந்தயக்காரர்கள் வேர்வையில் ஊறிய சட்டையோடு மலையுச்சியை அடைந்து, அடுத்த கணமே மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் இறங்க வேண்டியிருந்தமையால், உச்சியில் திரண்டு நிற்கும் ஜனங்கள் நேற்றைய தாளையோ இன்றைய தாளையோ அவர்களிடம் நீட்டுவார்கள்; சவாரிக்காரர் ஒரு கையால் அதை வாங்கிக் கழுத்துவழியே செருகி, மார்பின்மேல் படிய வைத்துக்கொள்வார். அடிவாரம் வந்ததும் ஈரத்தாளை உருவி எறிந்துவிட்டால் வேர்வைக்கும் வழி திறந்துவிடும். காலணா பெறும் இந்த உபாயத்தில் உள்ள யுக்தியை விலையுயர்ந்த உடுப்புகள் பலவற்றில் நான் கண்டதில்லை.

முன்னேற்பாடு எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும் என்பதற்கு இத்தாலியின் காவியா கணவாய் சாட்சி. 1988 ஜூன் 5 அன்று, இத்தாலியைச் சுற்றும் சைக்கிள் பந்தயத்தின்போது, 2,600 மீட்டருக்கு மேற்பட்ட அந்த உயரத்தில் பனி கொட்டியபோது, அமெரிக்கரான ஆண்டி ஹாம்ப்ஸ்டனின் குழுவினர், பனிச்சறுக்குக் கடைகளில் முன்னதாகவே வாங்கி வைத்திருந்த கையுறைகளையும் குல்லாய்களையும் தங்கள் வீரர்களுக்குக் கொடுத்தனர். அன்றைய ஓட்டத்தை வென்றவர் எரிக் பிரூக்கிங்க் என்ற டச்சுக்காரரே. ஆயினும் முதலிடத்துக்குரிய இளஞ்சிவப்புச் சட்டை ஹாம்ப்ஸ்டனைச் சேர்ந்து, பந்தயம் முடியும் வரை அவரிடமே இருந்தது.

காற்றின் வேகத்துக்கும் குளிரின் கடுமைக்கும் உள்ள சம்பந்தத்தை, அண்டார்க்டிகாவில் தண்ணீர் நிரப்பிய உருளையொன்று உறைவதற்கு ஆகும் நேரத்தைக் கொண்டு ஸைப்பிள், பாஸெல் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் கணித்து, 1945-இல் வெளியிட்டனர். அவர்கள் வழியில் வந்த இன்றைய கணக்கின்படி, பூஜ்யத்துக்குக் கீழ் 5 டிகிரிக் குளிரில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகக் காற்று முகத்தில் பட்டால், சருமம் உணர்வது ஏறத்தாழ 12 டிகிரிக் குளிரையாகும். இத்தகைய காற்றைத் தடுக்கும் துணிக்கு வழி பிறந்தது பின்னர்தான்: 1969-இல் பாப் கோர் என்பவர், டெஃப்லானை இழுத்து நுண்துளைப் படலமாக்கினார். காற்றுக்கும் நீர்த்துளிக்கும் இடங்கொடாமல் நீராவியை மட்டும் வெளியேற்றும் அதன் உதவியால் பழைய தர்மசங்கடம் பெரும்பாலும் தீர்ந்தது.

அதன்பின் பரவலானது மின்சைக்கிள். ஜப்பானில் 1993-இல் யமஹா கம்பெனி வெளியிட்ட வண்டி, மிதிப்பவருக்கு மோட்டாரின் துணையைத் தந்தது. காலின் உழைப்பு குறையவே சரீரம் உண்டாக்கும் உஷ்ணமும் குறைந்தது, எதிர்காற்றோ குறையவில்லை. ஆகையால் மிதித்துச் சூடேறும் சைக்கிள்காரனின் மெல்லிய உடுப்பை நம்பி நெடுந்தூரம் புறப்படுவது அபாயம். மெழுகேற்றிய பருத்தி மேலங்கியைப் பெல்ட்டால் இறுக்கிக் கட்டிச் சென்ற 1930-களின் மோட்டார் சைக்கிள்காரரிடம் மின்சைக்கிள்காரன் பாடம் கேட்கவேண்டும். வட சீனத்து நகரங்களில் அந்தப் பாடத்தை ஜனங்கள் தாமே கற்றுக்கொண்டார்கள். பஞ்சு வைத்துத் தைத்த ரஜாயொன்றைக் கைப்பிடியில் மாட்டி, அதனோடு சேர்த்துத் தைத்த உறைகளுக்குள் இரு கைகளையும் நுழைத்து, மார்பு முதல் முழங்கால் வரை மூடிக்கொண்டு அவர்கள் வேலைக்குப் போகிறார்கள். அவசரத்தில் கால் ஊன்ற முடியாதென்று போலீசார் எச்சரிப்பதும் நியாயமே. எனினும் ஏழைத் தொழிலாளியின் தேவையில் பிறந்த இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

இப்பிரயாணத்தில் குளிருக்கு அஞ்சும் மற்றொருவர் பாட்டரி. லித்தியம் பாட்டரியின் உள்ளே நிகழும் ரசாயனக் கிரியைகள் குளிரில் மந்தமாவதால், கோடையில் கிடைக்கும் தூரம் பனிக்காலத்தில் கிடைக்காது. அனுபவஸ்தர்கள் அதை இரவில் வீட்டுக்குள் வைத்திருந்து, புறப்படும் தருணத்தில்தான் வண்டியில் பொருத்தி, ரப்பர்த்துணி உறை போர்த்துகிறார்கள். திரும்பி வந்ததும் உடனே சார்ஜ் போடுவதில்லை. பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்திருக்கையில் மின்சாரம் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து பாட்டரி நிரந்தரமாகக் கெடுமாதலால், அது அறையின் சூட்டுக்கு வந்த பிறகே பிளக்கை மாட்டுகிறார்கள்.