அயற்படை விலக்கு: தகடூர் மண்ணிலிருந்து ஒரு நோக்கு

சென்ற பொங்கல் விடுமுறையில் கம்பைநல்லூரில் நம் வீட்டுத் திண்ணையில் ஒரு வழக்கு நடந்தது. வழக்காடியவர்கள் முன்பு நம்மிடம் தமிழ் பயின்று, இப்போது வெளியூர்களில் பணியாற்றும் இளைஞர் நால்வர். வார இறுதிகளில் அவர்கள் கூடி ஆடும் கற்பனைப் பாத்திர ஆட்டத்தில் எழுந்த பூசல் அது. இவ்வாட்டத்தை அறியாதவர்க்குச் சுருங்கச் சொல்வோம். சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஆளுக்கொரு பாத்திரம்: ஒருவர் வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் கள்வர். 'கேம் மாஸ்டர்' எனப்படுபவர் கதையை நடத்துகிறார், நடுவராகவும் இருக்கிறார். நம் பக்கத்துப் பாரதக் கூத்தில் வாத்தியாருக்குள்ள இடம் இதில் அவருக்கு உண்டு. கூத்தில் துரியோதனன் வீழ்வான் என்பது ஊரறிந்த செய்தி; இங்கே யார் வீழ்வார் என்பதைப் பகடை சொல்கிறது. அதுதான் வேறுபாடு.

நால்வரில் ஒருவர் தம் வீரனுக்குச் சுருள்வாள் வேண்டும் என்றார். நடத்துபவர் மறுத்தார். "அதெல்லாம் எக்ஸாடிக் ஆயுதம். ஒன்றை விட்டால் நாளைக்கு ஆளுக்கொன்று கேட்பார்கள், ஆட்டம் கெட்டுவிடும்" என்பது அவர் வாதம். "நம் சிலம்ப ஆசான் கையில் இருப்பது எப்படி அயல் ஆயுதமாகும்?" என்பது மற்றவரின் எதிர்வாதம். ஐயா, நீங்களே சொல்லுங்கள் என்றனர். ஆட்ட விதிகளில் நமக்குப் பயிற்சி இல்லை. ஆயினும் இவ்வழக்கின் அடியில் ஒரு வரலாறு கிடக்கிறது. அதைத் தோண்டிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மனம் வரவில்லை.

முதலில் அவர்களின் விதிநூலைப் பார்ப்போம். இவ்வகை ஆட்டங்களுக்கு மூலமான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் இயற்றியது. 2000-இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு படைக்கலங்களை எளியவை, போர்க்குரியவை, 'எக்ஸாடிக்' என மூன்றாக வகுத்தது. மூன்றாம் வகையைக் கையாள வீரனுக்குத் தனிப்பயிற்சி வேண்டும் என்பது விதி. அப்பட்டியலில் முள்சங்கிலி என்றொரு கருவி இருந்தது. அதை ஏந்தியவன் பத்தடி தொலைவில் நிற்பவனையும் தாக்கலாம், அருகில் நிற்பவனையும் தாக்கலாம், எதிரியை இடறிவிடலாம், அவன் கையிலுள்ளதைப் பறிக்கலாம். விதிகளை நன்கு கற்றவர் அதை எடுத்தால் மற்றவர்க்கு மேசையில் வேலை இல்லாமல் போயிற்று. நடத்துபவர் பலர் அதை விலக்கினர். இந்த விலக்கில் நாம் குறை காணவில்லை. ஓர் ஆட்டத்தில் ஒருவரே ஆடி மற்றவர் வேடிக்கை பார்ப்பதானால் அது ஆட்டமாகாது. சபையின் நலம் கருதித் தடுப்பது நடுவரின் கடமை.

அதே பட்டியலில் வேறொன்றும் உண்டு. ஐரோப்பிய உழவர் கதிரறுக்கும் அரிவாள் 'எளிய' படை என வகுக்கப்பட்டது. ஒகினாவாத் தீவின் உழவர் கதிரறுக்கும் 'காமா' என்னும் அரிவாளோ 'எக்ஸாடிக்' ஆயிற்று. இரண்டும் வயலில் பிறந்தவை. இரண்டும் ஒரே வேலைக்கு உரியவை. நேபாளத்தின் குக்ரிக் கத்தி 2000-இல் எக்ஸாடிக். 2003-இல் வந்த திருத்தப் பதிப்பில் அதுவே போர்க்குரிய வகைக்கு மாறியது. மூன்றே ஆண்டுகளில் கத்தி மாறிவிடவில்லை. பட்டியலிட்டவர் மனம் மாறியது. அத்திருத்தப் பதிப்பிலேயே, குள்ளர் குலத்தவரின் போர்க்கோடரி மற்றவர்க்கு எக்ஸாடிக், குள்ளர்க்கு மட்டும் வழக்கமான படை என்று ஒரு விதி உண்டு. 'அயல்' என்பது படையின் இயல்பு அன்று, பார்ப்பவர் பிறந்த இடத்தைப் பொறுத்தது என்று விதிநூலே ஒப்புக்கொண்ட இடம் அது. 2014-இன் ஐந்தாம் பதிப்பு அவ்வகையையே நீக்கி எளியவை, போர்க்குரியவை என இரண்டோடு நிறுத்திக்கொண்டது.

ஒரு மண்ணின் படைக்கலம் அந்த மண்ணிலேயே அயற்படை ஆவதும் உண்டு. அது எவ்வாறு நேர்கிறது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. தெற்கே சிவகங்கைச் சீமையில் வளரி என்னும் எறிபடை வழக்கில் இருந்தது. பிறைபோல் வளைந்தது, வேட்டைக்கும் போருக்கும் பயன்பட்டது. கும்பினிப் படையில் பணியாற்றிய ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதலில் கற்பித்தவர் சின்ன மருதுவே என்று எழுதுகிறார். தேர்ந்த கை வீசினால் நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்பதும் அவர் குறிப்பு. அவ்வாறு கற்பித்தவரும் அவர் தமையனாரும் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். மருது சகோதரர்க்கு எதிரான அப்போரில் வெல்ஷும் கும்பினிப் பக்கம் நின்றவர்.

அதே ஆண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். தென்பாளையங்களில் மக்கள் படைக்கலம் வைத்திருப்பது தடைசெய்யப்பட்டது. இதுவும் ஒரு விலக்குத்தான். ஆனால் சபையின் சமநிலைக்காக நடுவர் செய்தது அன்று. வென்றவர் தோற்றவர்க்கு இட்டது. 1878-இன் படைக்கலச் சட்டம் இதை நாடு முழுமைக்கும் விரித்தது. இந்தியர் உரிமம் பெறவேண்டும் என்ற அச்சட்டம் ஐரோப்பியர்க்கு விலக்களித்தது. விடுதலைக்குப் பின் 1959-இல் வேறொரு சட்டம் வரும்வரை அது நடப்பில் இருந்தது.

தஞ்சையின் கதையும் இதனோடு சேர்ந்தது. 1855-இல் மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். மராட்டிய அரசு முடிந்தது. அரண்மனைப் படைக்கலச் சாலையில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த வாளும் கட்டாரியும் பெருமளவில் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோயின. தேர்ந்தெடுத்த சில சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்றன. தந்தத்தால் செய்த வளரியும் அவற்றுள் உண்டு. எஞ்சிய கட்டாரிகள் பல கடல் கடந்தன. கண்ணாடிப் பேழைக்குள் அவற்றைக் கண்ட மேலை நாட்டார் வியந்தனர். அவ்வியப்பு நூல்களில் ஏறியது. நூல்களிலிருந்து ஆட்ட விதிகளில் ஏறியது. இன்று நம் பிள்ளைகள் அவ்விதிகளை வாங்கிப் படித்துவிட்டு, தம் பாட்டன் கைப்பொருளை 'எக்ஸாடிக்' என்கின்றனர். திண்ணையில் நாம் கேட்ட சொல்லின் வழித்தடம் இதுதான். பறித்தவர்கள் வைத்த பெயரைப் பறிகொடுத்தவரின் பேரர் சொல்வது நமக்கு வருத்தம் தந்தது.

அப்படியாயின் கேட்டதையெல்லாம் கொடுத்துவிடலாமா? கூடாது. சுருள்வாள் கேட்ட இளைஞரிடமும் நமக்கு ஒரு கேள்வி இருந்தது. அக்கேள்வியை நமக்குத் தந்தது தகடூர். நம் தருமபுரியின் பழம்பெயர் அது. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். புறநானூற்றின் 95-ஆம் பாட்டின் சூழல் இலக்கிய அன்பர்கள் அறிந்ததே. அஞ்சியின் தூதாகத் தொண்டைமானிடம் செல்கிறார் ஔவையார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். அங்கே வேல்கள் மயிற்பீலியும் மாலையும் அணிந்து, நெய் பூசி, காவலுள்ள மனையில் அழகாக இருக்கின்றன. ஔவை அவற்றைப் புகழ்கிறார். புகழ்ந்த கையோடு, எம் மன்னனின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்கிறார். சங்க இலக்கியத்தில் இதைவிடக் கூர்மையான பழிப்பு அரிது.

ஆட்டக்காரர் விந்தைப் படை கேட்கும்போது பெரும்பாலும் கேட்பது தொண்டைமானின் வேலைத்தான். பீலியும் நெய்யும் பார்த்து மயங்கிய மயக்கம் அது. அஞ்சியின் வேலுக்கு ஒரு கொல்லன் இருக்கிறான். முறிந்தால் செப்பமிட ஓர் உலை இருக்கிறது. சுருள்வாளும் அப்படித்தான். கோல்வீச்சில் கை தேர்ந்தவர்க்கே ஆசான்கள் அதைத் தருவர். சுழற்சி தவறினால் வீசியவரையே அது வெட்டும். நெருக்கமான இடத்தில் வீசினால் பக்கத்தில் நிற்கும் துணைவனுக்கும் ஆபத்து. இவற்றையெல்லாம் ஏற்று, தம் வீரன் யாரிடம் கற்றான், எத்தனை ஆண்டு கற்றான், அதை அடித்துத் தந்த கொல்லன் எந்த ஊரான் என்று சொல்லக்கூடிய ஆட்டக்காரர்க்கு நடத்துபவர் மறுக்க நியாயம் இல்லை. சொல்ல இயலாதவர்க்குச் சாதாரண வாளே போதும்.

ஆகவே நம் தீர்ப்பு இரண்டாகப் பிரிந்தது. ஒரு படைக்கலம் சபையைக் குலைக்கிறது என்றால் விலக்கலாம். காரணத்தை வெளிப்படையாகச் சொல்லி, எல்லார்க்கும் பொதுவாக விலக்கவேண்டும். அது அயலானது, விந்தையானது என்பதை மட்டும் காரணமாகக் காட்டி விலக்கக்கூடாது. அந்தச் சொல் யார் வாயிலிருந்து நமக்கு வந்தது என்பதை மறந்துவிட்டுப் பேசுவதாகிவிடும்.

மறுநாள் நால்வரையும் தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு அழைத்துச் சென்றோம். பல்லவர் காலத்தை ஒட்டிய நடுகற்கள் அங்கே நிற்கின்றன. வட்டெழுத்தில் பெயரும் ஊரும் பொறித்தவை. ஆநிரை மீட்கச் சென்று வீழ்ந்த வீரன் ஒரு கையில் வில்லும் மறு கையில் குறுவாளும் ஏந்தி நிற்கிறான். உடலில் தைத்த அம்புகளையும் சிற்பி விடாமல் செதுக்கியிருக்கிறான். வில்லும் குறுவாளும் எந்த விதிநூலிலும் விந்தை ஆகாதவை. நடத்துபவராக இருந்த இளைஞர் ஒரு கல்லின் முன் நெடுநேரம் நின்றிருந்தார். சுருள்வாளைப் பற்றிய பேச்சு திரும்பி வரும் பேருந்தில்தான் மீண்டும் தொடங்கியது. இம்முறை அவர் கேட்டது, "அந்தக் கொல்லன் எந்த ஊர்?" என்று.