புஷ் புஷ் வண்டியும் சைக்கிள் மணியும்

நம்ம குருசுக்குப்பம் பக்கம் சைக்கிளில் போகிறவர் மணி அடித்தால் நடப்பவர் முறைக்கிறார். அடிக்காமல் உரசிப் போனால் திட்டுகிறார். இந்தத் தகராறு புதுசு இல்லை நண்பர்களே!

பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் புதுச்சேரித் தெருக்களில் 'புஷ் புஷ்' வண்டி ஓடியது. அதில் பயணி முன்னால் உட்கார்ந்து கைப்பிடியால் சக்கரத்தைத் திருப்புவார். ஆள் பின்னாலிருந்து தள்ளுவார். யோசித்துப் பாருங்கள், ஓடுகிறவருக்கு வழி சரியாகத் தெரியாது, வழி பார்ப்பவர் ஓடுவதில்லை. எதிரே ஆளோ மாடோ வந்தால் துரை வாயைத் திறந்தால்தான் உண்டு. (திறந்து என்ன சொல்லியிருப்பார் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்!)

சைக்கிளில் இரண்டு வேலையும் ஒருவருக்கே. அதனால் பேச்சு தெருவோடுதான்: பகலில் மணி, இரவில் டைனமோ விளக்கு. விளக்கில்லாமல் போனாலும், டபுள்ஸ் போனாலும் தமிழ்நாட்டில் போலீஸ் பிடித்த காலம் உண்டு, தாத்தாக்களைக் கேளுங்கள்.

மணிக்கு வேறு அர்த்தம் வந்தது புதுக்கோட்டையில். அங்கே 1991 வாக்கில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கத்தில் அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது. ரோட்டில் ஆண்கள் அசிங்கமாகக் கேலி பேசினார்கள். பெண்கள் இறங்கவில்லை. 1992 மகளிர் தினத்தன்று 1500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் மணி அடித்துக்கொண்டே ஊரைச் சுற்றினார்கள்.