அம்மாவுக்கு நான்கு விசை



விடுமுறைக்கு வந்த பேரன் கையில் ஒரு வீடியோ கேம் கருவி. அதில் கூட்டல் குறி போன்ற பொத்தானைக் காட்டி, "தாத்தா, இது 1982லயே வந்தது" என்றான். தேடிப் படித்தேன். நின்டெண்டோ நிறுவனத்தின் குன்பெய் யோகோய் உருவாக்கியது. அமெரிக்காவில் காப்புரிமையும் வாங்கியிருக்கிறார்கள். கட்டைவிரல் அசைவுக்குக்கூடப் பட்டா போடலாம் போலிருக்கிறது! உடனே நம் தமிழ் விசைப்பலகை நினைவுக்கு வந்தது.

தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைகளை வகுத்தவர், யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா. பிறகு கணினி வந்தது. ஆளுக்கொரு விசைப்பலகை, ஆளுக்கொரு எழுத்துரு. ஒவ்வொரு இணையதளத்துக்கும் தனி எழுத்துருவை இறக்க வேண்டும். இல்லையென்றால் திரை முழுக்கக் கிறுக்கல்தான். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையின் ஜாடிக்கு இன்னொரு பட்டறையின் மூடி பொருந்தாதே, அதே கதை.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதன் பயனாக தமிழ்99 விசைப்பலகையை அரசு பொதுவாக்கியது. உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் 'அம்மா'. புள்ளி தானாக விழும். இதற்கு யாருக்கும் வாடகை கட்ட வேண்டாம்.

மென்பொருளிலும் நம் நாடு கவனமாகவே இருந்தது. கணினி நிரலுக்கு மட்டுமாகக் காப்புரிமை கிடையாது என்று 2002 சட்டத் திருத்தம் சொன்னது. 2004 கடைசியில் ஓர் அவசரச் சட்டம் அதைத் தளர்த்தப் பார்த்தது. 2005இல் நாடாளுமன்றம் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டிலும் 2010இல் தமிழக அரசு யூனிகோடுக்கு வந்தது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? போன மாதம் பழைய மாணவன் ஒருவன் கருவேப்பிலங்குறிச்சிக்கு வந்திருந்தான். "ஐயா, 2001 ஆண்டு மலர்ல அக்கா எழுதின கவிதை இருக்குமா?" என்று கேட்டான். அக்கா இப்போது இல்லை. பத்திரமாக வைத்திருந்த குறுந்தகட்டைப் போட்டேன். கோப்பு திறந்தது. அச்சிட்டவர் தன் சொந்த எழுத்துருவில் அடித்திருக்கிறார். எந்த எழுத்துரு மாற்றிக்கும் அது பிடிபடவில்லை. அந்தப் பிள்ளையின் வரிகள் அங்கேதான் இருக்கின்றன, படிக்கத்தான் முடியவில்லை. பொதுத் தரம் வந்து இரண்டு வருடம் கழித்து அச்சான மலர் அது. அப்போதே நான் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். தவறு என்னுடையதுதான்.

உங்களில் யார் வீட்டுப் பரணிலாவது அந்த மலரின் அச்சுப் பிரதி இருந்தால், படம் எடுத்து அனுப்புங்கள். யூனிகோடில் நானே தட்டச்சு செய்து அவனுக்குக் கொடுக்கிறேன்.