கொதிகலத்தின் அளவும் ஹாப்பின் கசப்பும்: டின்செத் வாய்பாடு குறித்து ஒரு மறுபார்வை

வீட்டில் பீர் காய்ச்சுவதை அமெரிக்கா 1978இல் சட்டப்படி அனுமதித்தது. ஆனால் 19 லிட்டர் வோர்ட்டை, அதாவது மால்ட் கரைசலை, சமையலறை அடுப்பில் ஒரேயடியாகக் கொதிக்கவைப்பது கடினம். அதனால் மால்ட் சாரம் முழுவதையும் பாதியளவு நீரில் கரைத்து, கசப்பு தரும் ஹாப் பூவுடன் கொதிக்கவைத்து, பிறகு வெறும் நீர் ஊற்றி நிரப்பும் வழக்கம் பரவியது. இம்முறையில் கசப்பு குறைகிறது. கொதிக்கும் கரைசலின் அடர்த்தியே இதற்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அடர்த்தி உண்மையான காரணமன்று, வேறு காரணங்களின் அடையாளமே என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1990களில் கிளென் டின்செத் வகுத்த வாய்பாடு, கொதிக்கும் நேரம், ஒப்படர்த்தி ஆகிய இரண்டையும் கொண்டு ஹாப்பின் பயன்பாட்டு வீதத்தை, அதாவது அதன் ஆல்ஃபா அமிலத்தில் கசப்பாக மாறிப் பீரில் சேரும் பங்கை, கணிக்கிறது. 10% ஆல்ஃபா அமிலம் கொண்ட 28 கிராம் ஹாப்பை, 1.050 ஒப்படர்த்தியுள்ள 19 லிட்டரில் 60 நிமிடம் கொதிக்கவைத்தால் பயன்பாடு 23%. கசப்பு 34 அலகு. அதே மால்ட்டை 9.5 லிட்டரில் கொதிக்கவைத்தால் ஒப்படர்த்தி 1.100 ஆகிறது, பயன்பாடு 15 விழுக்காட்டுக்கும் கீழே இறங்குகிறது. நீர் ஊற்றி நிரப்பிய பின் கிடைப்பது ஏறத்தாழ 22 அலகு.

கசப்பு பிறப்பது ஆல்ஃபா அமிலம் ஐசோ-ஆல்ஃபா அமிலமாக மாறும்போது. மார்க் மாலோவிக்கியும் தாமஸ் ஷெல்ஹாமரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, இம்மாற்றம் வெப்பநிலையைச் சார்ந்த முதல் வகை வினை என்று காட்டியது. முதல் வகை வினையில், குறித்த நேரத்தில் மாறும் பங்கு தொடக்கச் செறிவைப் பொறுத்ததன்று. நீரைப் பாதியாக்கினால் அமிலச் செறிவு இரட்டிக்கும். மாறும் பங்கு அப்படியே இருக்கும். மேலும், அவர்களின் சமன்பாட்டின்படி 100 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ பாதி ஐசோ அமிலமாகக் கிடைக்க வேண்டும். டின்செத் கணக்கிலோ நான்கில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே இந்த இடைவெளிக்குக் காரணமான இழப்பு வினைக்கு வெளியே நிகழ்கிறது.

அது நிகழும் இடங்களில் இரண்டு இங்கே முக்கியம். ஆல்ஃபா அமிலம் வோர்ட்டின் அமிலத்தன்மையில் குறைவாகவே கரையும். நம் எடுத்துக்காட்டில் நீர் பாதியாகும்போது அதன் செறிவு லிட்டருக்கு 147 மில்லிகிராமிலிருந்து 295 ஆக உயர்கிறது. கரையாத பங்கு வினைக்கே வராது. மற்றொன்று, கொதிக்கும்போது திரளும் புரதம். அது கசப்பு அமிலங்களைப் பற்றிக்கொண்டு அடியில் படிகிறது.

வாய்பாடு உண்மையான பீரை ஒட்டியதுதானே என்று கேட்கலாம். உண்மை, ஆனால் அடர்த்தி கூடும்போது புரதமும் பெரும்பாலும் கூடவே கூடுவதால், ஒன்று மற்றொன்றின் பிரதிநிதியாகிவிடுகிறது. இரண்டும் பிரியும் இடத்தில் வாய்பாடு தடுமாறும். மால்ட் சாரத்தில் பாதியைக் கடைசியில் சேர்த்தால் கொதிக்கும் ஒப்படர்த்தி 1.050க்குத் திரும்புகிறது, வாய்பாடு மீண்டும் 34 அலகு தருகிறது. ஆனால் ஹாப்பின் செறிவு இரட்டிப்பாகவே இருக்கிறது. கரைதிறன் தடையென்றால், கிடைக்கும் கசப்பு 34ஐ எட்டாது. வாதத்தைச் சோதிக்க இதுவே தகுந்த இடம்: ஒரே மால்ட், ஒரே ஹாப், இரு கொதிகலங்கள், கசப்பை அறிய 275 நானோமீட்டர் ஒளி உறிஞ்சல் அளவீடு.

அதுவரை வீட்டில் காய்ச்சுவோர், இயன்றால் முழு அளவையும் கொதிக்கவைக்கட்டும். இயலாவிட்டால் வாய்பாடு தரும் எண்ணை மதிப்பீடாக மட்டும் கொண்டு, ஹாப்பின் அளவை நாக்கு சொல்லும் கசப்பைக் கொண்டு திருத்திக்கொள்ளட்டும்.