ஷாம்பேன்: பெயரும் உழைப்பும்

கித்துள் மரத்திலிருந்து இறக்கிய கள்ளு முட்டியின் வாயில் வெண்ணுரை பொங்கி நிற்பதை இரத்தோட்டையைச் சூழ்ந்த மலைக்கிராமங்களில் யாவரும் அறிவர். பாளைச் சாற்றிலுள்ள சீனியை மதுவம் உண்கிறது, மதுசாரம் உண்டாகிறது, கூடவே காபனீரொட்சைட்டு வாயுவும் வெளிப்படுகிறது. முட்டியின் வாய் திறந்திருப்பதால் வாயு காற்றோடு கலந்து மறைகிறது. இதே வாயுவைத் தடித்த கண்ணாடிப் போத்தலுக்குள் சிறைப்படுத்தி, தக்கையால் இறுக அடைத்து, செல்வரின் விருந்து மேசைக்கு அனுப்பும் கலையே ஷாம்பேன் என்னும் நுரைமதுவின் கலை. இயற்கையின் செயல் இரண்டிலும் ஒன்றுதான். ஆயினும் ஒன்று ஏழையின் தவறணைக்குரியதாயிற்று. மற்றொன்று மன்னருக்கும் மாளிகைக்கும் உரியதாயிற்று. இவ்வேற்றுமைக்குரிய காரணத்தை இரசாயன நூல்களில் தேடிப் பயனில்லை. வரலாற்றில்தான் தேடவேண்டும்.

திராட்சை மது தமிழர் அறியாததன்று. பாண்டியன் நன்மாறனைப் பாடிய நக்கீரர், யவனர் கலங்களிற் கொண்டுவந்த மணங்கமழும் தேறலைக் குறிப்பிடுகிறார். 1945 ஆம் ஆண்டில் அரிக்கமேட்டில் மோர்ட்டிமர் வீலர் நடத்திய அகழ்வாய்வில் உரோமானிய மதுச்சாடிகளின் உடைந்த பகுதிகள் கிடைத்தன. புலவர் காட்டும் காட்சியில் அம்மது அரசனின் பொற்கிண்ணத்தில் வார்க்கப்படுகிறது. கடல் கடந்து வந்த தேறல் அன்றே உயர்ந்தோர் குடித்த பொருள். ஆனால் அது நுரைக்கும் மதுவன்று. நுரைமதுவின் கதை பதினேழாம் நூற்றாண்டில், பிரான்சின் வடகிழக்கிலுள்ள ஷாம்பேன் பிரதேசத்தில் தொடங்குகிறது.

அது குளிர் மிகுந்த நிலம். இலையுதிர் காலத்தில் பிழிந்த சாறு நொதித்து முடிவதற்கு முன்பே குளிர்காலம் வந்து மதுவத்தை உறங்கச் செய்துவிடும். வசந்தத்தில் வெப்பம் ஏற, எஞ்சிய சீனி மீண்டும் நொதிக்கும், மது நுரைக்கும். பிரெஞ்சு மது உற்பத்தியாளர் இதனை முதலில் ஒரு குறையாகவே கருதினர். ஓவிலே மடாலயத்தின் மதுக்கூடத்தை 1668 முதல் 1715 இல் தாம் இறக்கும்வரை மேற்பார்வை செய்த டோம் பெரிஞ்ஞோன் என்னும் துறவியே ஷாம்பேனைக் கண்டுபிடித்தார் என்ற கதை இன்றும் உலவுகிறது. அவர் பலவகைத் திராட்சைகளைக் கலப்பதில் வல்லவர். எனினும் நுரையை வளர்க்க முயன்றவரல்லர். இக்கதை பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். ஆயிரம் கைகள் செய்த காரியத்தை ஒரு மகானின் தலையில் முடிசூட்டி வைப்பது வணிகருக்கு எப்போதும் வசதியானது.

கிடைத்துள்ள சான்றோ வேறொரு திசையைக் காட்டுகிறது. 1662 இல் லண்டன் ரோயல் கழகத்தின் முன் கிறிஸ்தோபர் மெரெட் என்னும் அறிஞர் ஓர் ஆய்வுரையை அளித்தார். மது வணிகர்கள் சீனியையும் சீனிப்பாகையும் சேர்த்து மதுவை நுரைக்கச் செய்கிறார்கள் என்று அதில் எழுதினார். நிலக்கரி உலையில் வார்த்த வலுவான ஆங்கிலப் போத்தல்கள் அவ்வாயுவைத் தாங்கின. அச்சீனி எங்கிருந்து வந்தது? பார்படோஸ் முதலிய கரிபியன் தீவுகளிலிருந்து வந்தது. அங்கே கரும்பு வெட்டியோர் ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். நுரைமதுவின் முதல் எழுத்துச் சான்றிலேயே தோட்ட அடிமையின் வியர்வை கலந்திருக்கிறது.

மதுவைப் போத்தலில் ஏற்றிச் செல்வதற்கு 1728 இல் பிரெஞ்சு அரசன் அனுமதியளித்தான். அடுத்த ஆண்டே முதல் ஷாம்பேன் வணிக நிறுவனமான ருய்னார் தோன்றியது. ஆயினும் போத்தலுக்குள் எவ்வளவு அமுக்கம் ஏறும் என்பதை எவரும் அறிந்திலர். ஒன்று வெடித்தால் அயலிலுள்ளவையும் தொடர்ந்து வெடித்தன. சுண்ணப்பாறைச் சுரங்கங்களில் வேலைசெய்தோர் இரும்பு முகமூடி அணிந்தே உள்ளே சென்றனர். 1836 இல் சாலோன் நகரின் மருந்தாளர் ஜோன் பப்டிஸ்ட் பிரான்சுவா, மதுவிலுள்ள சீனியை அளந்தறியும் முறையை வெளியிட்டார். லீற்றருக்கு ஏறத்தாழ 24 கிறாம் சீனி சேர்த்தால் ஆறு வளிமண்டல அமுக்கம் உண்டாகும் என்பது இன்றைய கணக்கு. கூலிக்காரரின் கண்களைக் காத்த பெருமையில் விஞ்ஞானத்துக்கும் பங்குண்டு.

இரண்டாம் நொதிப்பு போத்தலுக்குள்ளேயே நடைபெறுவதால் இறந்த மதுவம் அடியில் வண்டலாகத் தங்கும். அதனை நுரை குலையாமல் அகற்றுவது எப்படி? இருபத்தேழு வயதில் விதவையாகி, கணவரின் வணிகத்தைத் தாமே ஏற்று நடத்திய பார்ப் நிக்கோல் கிளிக்கோ அம்மையாரின் மதுக்கூடத்தில் 1816 அளவில் இதற்கு வழி பிறந்தது. துளையிட்ட பலகையில் போத்தல்களைக் கழுத்துக் கீழாகச் சாய்த்து, நாள்தோறும் சிறிது சிறிதாகத் திருப்ப, வண்டல் தக்கையருகே வந்து சேரும். பின் அதனை வெளியேற்றி, சிறிது இனிப்புச் சேர்த்து, புதுத் தக்கை இடுவர். அரைவெளிச்சச் சுரங்கத்தில் ஒரு தொழிலாளி நாளொன்றுக்குப் பல்லாயிரம் போத்தல்களைத் திருப்பினான். 1970களுக்குப் பின் அவ்வேலையின் பெரும்பகுதியை இயந்திரங்கள் ஏற்றுக்கொண்டன. திராட்சை பறிப்பதை மட்டும் இயந்திரம் ஏற்கவில்லை. ஷாம்பேன் பிரதேசத்தில் குலைகளைக் கையாலேயே பறிக்கவேண்டும் என்பது இன்றும் விதி.

இவ்விடத்தில் நம் மாத்தளைச் சீமையையும் நினைத்துப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இம்மலைகளில் விளைந்தது கோப்பி. மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்க் கூலிகள் காட்டுவழியே நடந்து, தம்புள்ளையைக் கடந்து, மாத்தளையை அடைந்தார்கள். வழியில் மடிந்தோர் பலர். அவர்களது உழைப்பால் ஈட்டிய பொருளில்தான் துரைமாரின் விருந்துகள் நடைபெற்றன. பேரரசின் கொண்டாட்டங்களில் ஷாம்பேன் தக்கை தெறித்தது; தோட்டத்து எல்லையிலோ அரசு ஏலத்தில் விட்ட சாராயக் குத்தகையின் தவறணை கூலியின் காசைக் காத்திருந்தது.

அந்நாளில் இரு நாட்டுப் பயிர்களையும் இரு கொள்ளை நோய்கள் தாக்கின. அமெரிக்கக் கொடிகளோடு வந்த பிலொக்சரா என்னும் பூச்சி 1860களில் பிரான்சின் தென்பகுதித் திராட்சை வேர்களை அரிக்கத் தொடங்கி, 1890 அளவில் ஷாம்பேனை எட்டியது. இலங்கைக் கோப்பியில் இலைத்துரு நோய் 1869 இல் கண்டறியப்பட்டது. பிரெஞ்சு விவசாயி அமெரிக்க வேரில் தன் கொடியை ஒட்டுக்கட்டினான், கடன்பட்டான், எனினும் நிலம் அவனிடம் இருந்தது. இங்கோ கோப்பி அழிந்தது. 1884 இல் ஓரியண்டல் வங்கி வீழ்ந்தது. துரைமார் பலர் தேயிலைக்கு மாறினர். வேலையிழந்த கூலி, வந்த வழியே திரும்பினான் அல்லது பட்டினி கிடந்தான். அவனுக்கு ஒட்டுக்கட்ட ஒரு சாண் நிலமும் இல்லை. பின்வந்த வரலாற்றை விளங்கிக்கொள்ள இவ்வேற்றுமையே திறவுகோல்.

ஷாம்பேன் விவசாயிகளின் கோபம் 1911 இல் வெடித்தது. 1910 இன் விளைச்சல் மழையாலும் நோயாலும் ஏறக்குறைய முற்றாக அழிந்திருந்தது. பெரு வணிகர் சிலரோ, பிற பிரதேசங்களின் மலிவான மதுவைப் புகையிரதத்தில் வரவழைத்து, ஷாம்பேன் என்ற பெயரொட்டி விற்றனர். ஜனவரியில் டமெரி, ஓவிலே ஆகிய ஊர்களில் விவசாயிகள் அந்த மதுவை மார்ன் ஆற்றிற் கவிழ்த்தார்கள். 1908 இல் வகுக்கப்பட்ட எல்லைக்கு வெளியே தள்ளப்பட்ட தெற்குப் பகுதியான ஓப் விவசாயிகள், தமக்கும் அப்பெயருக்கு உரிமையுண்டெனத் துருவா நகரிலே திரண்டனர். ஏப்ரல் 11 ஆம் நாள் எல்லைகளை நீக்குமாறு செனற் சபை தீர்மானித்ததும், வடக்கே ஆயி என்னும் ஊரில் வணிகர் மாளிகைகளும் மதுக்கூடங்களும் தீக்கிரையாயின. குதிரைப்படை வந்தது. வறியவரான வடக்கத்தியரும் வறியவரான தெற்கத்தியரும் ஒருவரையொருவர் பகைவராகக் கண்டது இக்கிளர்ச்சியின் துயரமான பக்கம். இறுதியில் 1927 ஆம் ஆண்டுச் சட்டம் ஓப் பகுதியையும் ஷாம்பேனுக்குள் சேர்த்துக்கொண்டது. 1936 இல் அப்பெயர் முழுச் சட்டப் பாதுகாப்புப் பெற்றது.

இன்று கடையில் நுரைமது வாங்க நிற்பவர் காணும் பெயரொட்டி இப்போராட்டத்தின் சாசனம். அதனை வாசிக்கத் தெரிந்திருப்பதே நல்ல வாங்குதலின் முதற்படி. ஷாம்பேன் என்ற பெயர் அப்பிரதேசத்து மதுவுக்கு மட்டுமே உரியது. ஸ்பானிய காவாவும் பிரான்சின் பிற பகுதிகளிலிருந்து வரும் கிரேமோவும் அதே போத்தல் முறையில் உருவாகி, குறைந்த விலையில் கிடைப்பவை. இத்தாலியப் புரொசெக்கோவுக்குப் பெரும்பாலும் பெருங்கலத்திலேயே நுரை ஏற்றுகின்றனர். ஷாம்பேன் போத்தலின் மூலையில் மிகச் சிறிய எழுத்துகள் இருக்கும். என்.எம். என்றால் திராட்சையை விலைக்கு வாங்கி மதுவாக்கிய நிறுவனம், சி.எம். என்றால் கூட்டுறவுச் சங்கம், ஆர்.எம். என்றால் தன் கொடியின் கனியைத் தானே மதுவாக்கிய விவசாயி. விளம்பரச் செலவு குறைந்த மூன்றாம் வகையில், பெயர்பெற்ற நிறுவனத்தின் விலைக்கும் குறைவாகச் சிறந்த மது கிடைப்பதுண்டு.

புரூட் என்ற சொல் லீற்றருக்கு 12 கிறாமுக்கும் குறைந்த சீனியைக் குறிக்கும். ஆண்டு குறிக்காத மது பதினைந்து மாதமேனும், ஆண்டு குறித்த மது மூன்று ஆண்டேனும் முதிர்ந்த பின்பே விற்பனைக்கு வரவேண்டும். வண்டலோடு நெடிது கிடந்த மதுவில், சுட்ட பாணின் மணம் எழும். கள்ளு விட்டுப் புளிக்கவைத்த அப்ப மாவின் வாசனையை அறிந்தோர்க்கு அது அயலானதாகத் தோன்றாது. அகன்ற கிண்ணத்தில் நுரையும் மணமும் விரைவில் போய்விடும். வாய் குவிந்த நீள்கிண்ணமே தகும். எட்டு முதல் பத்துப் பாகைக் குளிர்ச்சி போதும். தக்கையை அசையாது பிடித்துப் போத்தலைத் திருப்பித் திறக்கவேண்டும். வெடியோசை, ஆடம்பரத்துக்கே உரியது.

சுவையறிதல் இவ்வளவில் நின்றுவிடலாமா? ஷாம்பேன் சட்டம் மண்ணைக் காத்தது, பெயரைக் காத்தது, நிலமுடைய விவசாயியைக் காத்தது. இன்று ஏறத்தாழ 34,000 ஹெக்டேயர் திராட்சை நிலத்தில் பெரும்பங்கு அவர்களிடமே உள்ளது. ஆனால் நிலமற்று, கூலிக்குக் குலை பறிப்பவனை அது காக்கவில்லை. 2023 ஆம் ஆண்டு அறுவடையின்போது, பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த 57 தொழிலாளர்கள் மனிதர் வாழத்தகாத இடத்தில் அடைத்துவைக்கப்பட்டுச் சுரண்டப்பட்டனர். 2025 ஜூலையில் பிரெஞ்சு நீதிமன்றம் இதனை மனித வணிகமெனத் தீர்ப்பளித்து மூவரைக் குற்றவாளிகளாகக் கண்டது. பெயரொட்டியில் ஊர் இருந்தது, ஆண்டு இருந்தது, நிறுவனம் இருந்தது; பறித்தவனின் கூலி எங்கும் இல்லை.

இது தொலைதூரத்துச் செய்தி என்று நாம் கடந்துபோக முடியாது. இலங்கைக் கறுவாவின் பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் சட்டப் பாதுகாப்பு வழங்கியது. இலங்கைத் தேயிலைப் பொதியில் சிங்க முத்திரை உலகெங்கும் செல்கிறது. அத்தேயிலையைப் பறித்தவர்களோ நாளொன்றுக்கு 1,000 ரூபா சம்பளம் பெறப் பல ஆண்டுகள் போராடி, 2021 இல்தான் அதனைச் சட்டத்தில் எழுதுவித்தனர். மாத்தளை மிளகுக்கும் ஏலத்துக்கும் நாளை இத்தகைய பெயருரிமை வரலாம், வரவேண்டும். அன்று அவ்வுரிமைப் பத்திரத்தை எழுதுவோர் மண்ணின் எல்லையையும் காயின் தரத்தையும் வரையறுப்பதோடு, கொடியில் ஏறிப் பறிப்பவரின் கூலியையும் குடியிருப்பையும் அதில் ஒரு விதியாகச் சேர்க்கவேண்டும். இக்கோரிக்கையை எழுப்புவது தொழிற்சங்கங்களின் கடமை மட்டுமன்று. பொருளின் பெயரை மாணவருக்குக் கற்பிக்கும் ஆசிரியரின் கடமையுமாகும்.