நோய்ப்பரவல் காலத்தில் பொது இடங்களை மூட வேண்டுமா? – கொல்லிமலை நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்குமான விளக்கம்

ஒரு தொற்றுநோய் பரவத் தொடங்கியதும் சந்தை கூடுமா, கோயில் திறந்திருக்குமா, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பலாமா என்ற கேள்விகள் எழுகின்றன. வீட்டில் முதியவரோ, நீரிழிவு நோயாளியோ, கர்ப்பிணியோ இருந்தால் இக்கேள்விகள் மேலும் அவசரமாகின்றன. பொது இடங்களை மூடுவது எப்போது பயன் தரும், எப்போது பயன் தராது, மூடப்பட்ட காலத்தில் சிகிச்சை தடைபடாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

சுருக்கமாக

• எல்லா நோய்களுக்கும் பொது இடங்களை மூடுவது தீர்வாகாது. நோய் எவ்வழியில் பரவுகிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.
• காற்றின் மூலம் பரவும் நோய்களுக்கு, நெரிசலான மூடிய அரங்குகளைத் தொடக்கத்திலேயே குறுகிய காலத்திற்கு மூடுவது பயன் தரும்.
• மருத்துவமனை, மருந்தகம், நியாயவிலைக் கடை ஆகியவை எந்நிலையிலும் இயங்க வேண்டியவை.
• பொது இடங்கள் மூடப்பட்டாலும் உங்கள் மருந்துகளை நிறுத்தக் கூடாது.

மூடுவதால் என்ன நடக்கிறது?

பொது இடத்தை மூடுவதால் கிருமி அழிவதில்லை. ஒரு நோயாளி சந்திக்கும் மனிதர்களின் எண்ணிக்கை குறைகிறது. ஒருவர் மூவருக்குத் தொற்றைக் கொடுக்கும் நிலை மாறி, ஒருவருக்கும் குறைவாகவே கொடுக்கும் நிலை ஏற்பட்டால் பரவல் படிப்படியாக அடங்கும். அவ்வளவு குறையாவிட்டாலும் நோயாளிகள் ஒரே வாரத்தில் குவியாமல் பல வாரங்களுக்குப் பரவலாக வருவர். படுக்கைகளும் ஆக்சிஜனும் எல்லோருக்கும் கிடைக்க அது உதவும்.

இவ்விளைவு உடனடியாகத் தெரியாது. கொரோனா தொற்று ஏற்பட்டபின் அறிகுறி தோன்றச் சராசரியாக 5 முதல் 6 நாள்களும், சிலருக்கு 14 நாள்கள் வரையும் ஆகலாம். எனவே இன்று மூடினாலும் முதல் வாரத்தில் நோயாளிகள் எண்ணிக்கை உயரவே செய்யும். மூடியதால் பயனில்லை என்று அப்போது முடிவு செய்துவிடக் கூடாது.

ஓர் அரங்கம் எவ்வளவு ஆபத்தானதாக மாறலாம் என்பதற்கு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச் 10 அன்று நடந்த சேர்ந்திசைப் பயிற்சி ஒரு சான்று. இரண்டரை மணி நேரம் நடந்த அப்பயிற்சியில் 61 பேர் கலந்துகொண்டனர். அவர்களுள் ஒருவருக்கு அறிகுறி இருந்தது. பின்னர் 53 பேருக்குத் தொற்று உறுதியானது அல்லது இருக்கக்கூடும் எனக் கணிக்கப்பட்டது. மூடிய அறை, நீண்ட நேரம், உரத்த குரலில் பாடுதல் ஆகிய மூன்றும் அங்கு ஒன்றுசேர்ந்திருந்தன.

எந்த நோய்க்கு எந்த நடவடிக்கை?

• கொரோனா, இன்ஃபுளுயன்சா: இருமல், தும்மல், பேச்சு, மூச்சுக்காற்று ஆகியவற்றால் பரவுகின்றன. காற்றோட்டமில்லாத அரங்குகள், நெரிசலான பேருந்துகள், திருமண மண்டபங்கள் ஆகியவை ஆபத்து மிகுந்தவை. திறந்தவெளியில் ஆபத்து மிகக் குறைவு.
• தட்டம்மை: நோயாளி அறையைவிட்டு வெளியேறிய பின்னரும் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் தங்கியிருக்கும். நோயுற்ற குழந்தையைத் தனிமைப்படுத்துவதும் தடுப்பூசி போடுவதும் முதன்மையான நடவடிக்கைகள். பள்ளியை மூடுவதால் மட்டும் இந்நோய் நிற்காது.
• காலரா, வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு: மாசடைந்த நீராலும் உணவாலும் பரவுகின்றன. நீர்த்தொட்டியில் குளோரின் கலப்பதும், சுகாதாரமற்ற உணவுக் கடைகளை நிறுத்துவதும், கழிப்பறை வசதி செய்வதும் தேவை. நீரைச் சரிசெய்யாமல் சந்தையை மட்டும் மூடினால், மக்கள் அதே நீரை வீட்டிலிருந்து பருகுவர்.
• டெங்கு: கொசுவால் பரவுகிறது, மனிதரிடமிருந்து மனிதருக்கு நேரடியாகப் பரவுவதில்லை. ஆகவே திரையரங்கையோ கோயிலையோ மூடுவதால் பயனில்லை. முட்டையிலிருந்து கொசு உருவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள்கள் ஆவதால், தேங்கிய நீரை வாரம் ஒருமுறை அகற்ற வேண்டும்.

தமிழ்நாட்டின் அனுபவம் கற்றுத்தந்தவை

2020 மார்ச் மாத நடுவில் தமிழ்நாட்டில் பள்ளிகள், கல்லூரிகள், திரையரங்குகள், வணிக வளாகங்கள் மூடப்பட்டன. மார்ச் 24 மாலை முதல் மாநிலத்தில் 144 தடை உத்தரவும், மறுநாள் முதல் நாடு தழுவிய ஊரடங்கும் நடைமுறைக்கு வந்தன. அக்காலத்தின் மூன்று நிகழ்வுகள் குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, கோயம்பேடு. காய்கறி இன்றியமையாப் பொருள் என்பதால் சென்னையின் மொத்த விற்பனைச் சந்தை திறந்திருந்தது. ஏப்ரல் இறுதியில் அங்கு தொற்று பரவியது. சரக்கு வாகன ஓட்டுநர்களும் சுமைதூக்கும் தொழிலாளர்களும் ஊர் திரும்பியபோது கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களிலும் நோயாளிகள் கண்டறியப்பட்டனர். மே 5 அன்று சந்தை மூடப்பட்டு, காய்கறி விற்பனை திருமழிசைக்கு மாற்றப்பட்டது. ஒரு பொது இடத்தைத் திறந்தே வைக்க வேண்டுமானால், அதன் நெரிசலைக் குறைக்கும் ஏற்பாட்டை நோய் வருவதற்கு முன்பே செய்துவிட வேண்டும் என்பது இதன் பாடம்.

இரண்டாவது, ஆடிப்பெருக்கு. கொல்லிமலையில் ஆண்டுதோறும் ஆடி 17, 18 நாள்களில் வல்வில் ஓரி விழா நடைபெறுகிறது. அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஆகாயகங்கை அருவிக்கும் சமவெளி மக்கள் திரளாக வருவதும் அந்நாள்களில்தான். 2020-இல் ஆடி 18, ஆகஸ்ட் 2 ஞாயிற்றுக்கிழமை அன்று வந்தது. அம்மாதத்தின் ஞாயிற்றுக்கிழமைகள் அனைத்தும் மாநிலம் முழுவதும் தளர்வில்லாத ஊரடங்கு நாள்கள். மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸும் தேவைப்பட்டது. வெளியூர்க் கூட்டத்தை மலையேறாமல் தடுப்பது, மருத்துவ வசதி குறைந்த மலைப்பகுதிக்குப் பெரும் பாதுகாப்பு. அதே நேரத்தில், அந்த இரு நாள் வருவாயை எதிர்பார்த்திருக்கும் சிறு கடைக்காரருக்கு அது பெரும் இழப்பு. இரண்டு உண்மைகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பள்ளிகள். 2020 மார்ச்சில் மூடப்பட்ட 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் கல்வித் தொலைக்காட்சி வழியாகப் பாடங்கள் ஒளிபரப்பப்பட்டன. கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. நீண்டகாலம் மூடுவதன் விலையைக் குழந்தைகள் கொடுத்தனர். எனவே, பள்ளிகளைக் கடைசியாக மூடி முதலில் திறக்க வேண்டும் என்ற கருத்து இன்று வலுப்பெற்றுள்ளது.

கொல்லிமலையில் ஒவ்வோர் இடமும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறியே பெரும்பாலோர் மலைக்கு வருகின்றனர். அவசர நோயாளி ஒருவரை நாமக்கல்லுக்குக் கொண்டுசெல்ல அதே வளைவுகளில் இறங்க வேண்டும். ஆகவே மலையில் பரவலைத் தொடக்கத்திலேயே தடுப்பது சமவெளியைவிட முக்கியமானது.

• வாரச்சந்தை: சோளக்காடு போன்ற சந்தைகளில் மிளகு, வாழை, பலா, அன்னாசி விற்றுத்தான் பல குடும்பங்கள் அவ்வாரச் செலவைச் சமாளிக்கின்றன. திறந்தவெளிச் சந்தையை முழுவதும் மூடுவதைவிடக் கடைகளுக்கிடையே இடைவெளி விடுவதும், சந்தையை இரு நாள்களாகப் பிரிப்பதும், கை கழுவ வசதி செய்வதும் ஏற்றவை. பரவல் மிகுந்தால் மட்டுமே தற்காலிகமாக மூடலாம்.
• கோயில்: திறந்த பிராகாரத்தைவிடக் காற்றோட்டமில்லாத கருவறை முன்பகுதியில் ஆபத்து அதிகம். வரிசையைச் சிறு குழுக்களாகப் பிரித்து அனுப்புவது பயனளிக்கும். வெளியூர்க் கூட்டம் சேரும் திருவிழாவைத் தள்ளிவைப்பது, நாள்தோறும் நடைபெறும் வழிபாட்டை நிறுத்துவதைவிடக் குறைந்த இழப்பில் அதிகப் பயன் தரும்.
• அருவி: குளிக்கும் இடம் திறந்தவெளியாயினும், ஆகாயகங்கைக்குச் செல்லும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளிலும் உடைமாற்றும் இடங்களிலும் நெரிசல் ஏற்படலாம்.
• பேருந்து: சன்னல்களைத் திறந்து வைக்கவும். காய்ச்சலோ இருமலோ இருந்தால் முகக்கவசம் அணிந்து, மருத்துவமனைக்குச் செல்வதற்கு மட்டும் பயணம் செய்யவும்.
• நியாயவிலைக் கடை, அங்கன்வாடி: கூட்டம் சேர்வதைத் தவிர்க்க டோக்கன் முறை உதவும். அங்கன்வாடி மூடப்பட்டால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உரிய உணவுப் பொருள்கள் வீட்டிற்கே கிடைக்கின்றனவா என்று கேட்டறியவும்.

யார் முடிவெடுக்கிறார்கள்?

தொற்றுநோய்கள் சட்டம் 1897, தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் 1939, பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005 ஆகியவற்றின்கீழ் அரசும் மாவட்ட ஆட்சியரும் கட்டுப்பாடுகளை அறிவிக்கலாம். 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சந்தைகள், திருவிழாக்களின் சுகாதாரம் குறித்துத் தனிப் பிரிவுகளே உள்ளன. அறிவிப்பில் எந்த இடங்கள், எந்தத் தேதிவரை, எந்த விலக்குகளுடன் மூடப்படுகின்றன என்பதைப் படித்துப் பார்க்கவும். கைப்பேசியில் பகிரப்படும் செய்திகளை ஊராட்சி அலுவலகத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ உறுதிப்படுத்திக்கொள்ளவும்.

நீங்கள் நோயாளியாகவோ பராமரிப்பாளராகவோ இருந்தால்

1. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், காசநோய், வலிப்பு நோய் ஆகியவற்றுக்கான மருந்து தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே மறுமுறை பெறவும். 2020 ஊரடங்கின்போது நாட்பட்ட நோயாளிகளுக்கு இரண்டு மாத மருந்து ஒரே முறையில் வழங்கப்பட்டது. பரவல் காலத்தில் இத்தகைய ஏற்பாடு உள்ளதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கவும்.
2. நடக்க இயலாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீட்டிலேயே மருந்து பெற வாய்ப்புள்ளது. உங்கள் பகுதிப் பணியாளரிடம் பெயரைப் பதிவு செய்யவும்.
3. டயாலிசிஸ், புற்றுநோய்ச் சிகிச்சை, பேறுகாலப் பரிசோதனை, குழந்தைகளுக்கான தடுப்பூசி ஆகியவற்றைத் தள்ளிப்போட வேண்டாம். மருத்துவச் சீட்டை உடன் எடுத்துச் செல்லவும்.
4. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சலும் இருமலும் இருந்தால், அவரைச் சன்னல் உள்ள தனி அறையில் தங்கச் செய்யவும். ஒரே அறை கொண்ட வீடாயின், பகலில் திண்ணையிலோ முற்றத்து நிழலிலோ இருக்கச் செய்து, இரவில் முதியவர்களிடமிருந்து இயன்றவரை விலகிப் படுக்க வைக்கவும்.
5. ஒரே நபர் நோயாளியைக் கவனித்துக்கொள்வதும், அவரே சந்தைக்குச் செல்லாமல் வேறொருவரை அனுப்புவதும் நல்லது.
6. வயிற்றுப்போக்கு இருந்தால் உப்பு–சர்க்கரைக் கரைசலை உடனே கொடுக்கத் தொடங்கவும். ஊற்று நீரானாலும் கொதிக்க வைத்து ஆறிய பின்னரே பருகவும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

மூச்சுத்திணறல், ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழ் இறங்குதல், நெஞ்சு வலி, குழப்பம் அல்லது மயக்கம், தொடர் வாந்தி, கடும் வயிற்று வலி, ஈறு, மூக்கு அல்லது மலத்தில் இரத்தக் கசிவு, சிறுநீர் குறைதல், குழந்தை பால் குடிக்க மறுத்தல். இவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றினால் காத்திருக்க வேண்டாம். மலைப்பாதையில் இறங்கும் நேரத்தையும் கணக்கில் கொண்டு, பகல் வெளிச்சம் இருக்கும்போதே புறப்படுவது நல்லது.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சந்தை திறந்திருக்கிறது, அப்படியெனில் ஆபத்து இல்லை என்று பொருளா?
இல்லை. திறந்திருப்பது தேவை கருதியே. முதியவரும் நாட்பட்ட நோயாளியும் கூட்டம் குறைந்த காலை வேளையில் செல்லலாம், அல்லது பிறரை அனுப்பலாம்.

கோயிலை மூடிவிட்டுக் கடையைத் திறப்பது முறையா?
2021 ஆகஸ்ட் முதல் அக்டோபர் நடுப்பகுதிவரை வெள்ளி, சனி, ஞாயிறு நாள்களில் வழிபாட்டுத் தலங்கள் மூடப்பட்டபோதும் இக்கேள்வி எழுந்தது. கூட்டம் மிகும் நாள்களைத் தவிர்ப்பதே அதன் நோக்கம். ஆனால் எஞ்சிய நாள்களில் நெரிசல் கூடினால் அந்நோக்கம் நிறைவேறாது. கட்டுப்பாட்டின் காரணத்தைத் தெளிவாகக் கேட்டறிவது உங்கள் உரிமை.

மூடிய இடங்கள் எப்போது திறக்கப்படும்?
புதிய நோயாளிகள் எண்ணிக்கை தொடர்ந்து குறைந்து, மருத்துவமனையில் போதிய படுக்கைகள் இருக்கும்போது படிப்படியாகத் திறக்கப்படும். 2020-இல் முதலில் கிராமப்புறச் சிறு வழிபாட்டுத் தலங்களும், செப்டம்பரில் மற்றவையும், நவம்பர் 10 அன்று பாதி இருக்கைகளுடன் திரையரங்குகளும் திறக்கப்பட்டன.

உதவிக்கு

மருத்துவ ஆலோசனைக்கு 104. அவசர ஊர்திக்கு 108. கைப்பேசித் தொடர்பு கிடைக்காத பகுதியில் வசிப்போர், தொடர்பு கிடைக்கும் இடம் எது, இரவில் வாகனம் தரக்கூடிய அண்டை வீட்டார் யார் என்பதை முன்கூட்டியே அறிந்து வைத்திருக்கவும். இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொதுவானவை. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற சிகிச்சையை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யவும்.